பாய்மரத்துக்கு ஒரு கையெழுத்து

கராமா, துபாய்
8 நவம்பர் 2025

மாப்பிள்ளை ராஜீவுக்கு,

மூன்று வருடம் கழித்து என் பெயரை இன்பாக்ஸில் பார்த்ததும் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பதறியிருப்பாய். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்தவன் நான். அதை எடுக்கவும் தெரியும், எடுக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை. அதனால் மெயில்.

விஷயம் இதுதான். நான் ஒரு பாய்மரப் படகு கட்டியிருக்கிறேன். சிரிக்காதே. காவிரியில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்காத திருச்சிக்காரருக்குக் கடல் எதற்கு என்று உன் அக்கா ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பதினான்கு அடி, பிளைவுட். ஜெபல் அலியில் அஹ்சன் பாயின் வொர்க்‌ஷாப்பில் ஒரு மூலை கிடைத்தது. எங்கள் கம்பெனிக்கு அலுமினியம் சப்ளை செய்கிற லாகூர்க்காரர் அவர். ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைகளில் மகள் மஹதியும் நானும் அங்கேதான் கிடக்கிறோம். யூடியூப்தான் குரு.

படகு ரெடி. பாய்த்துணியும் வந்துவிட்டது. பாய்மரத்தையும் நானே செய்தேன். ஆறரை மீட்டர் வேண்டும். அஹ்சன் பாயிடம் மிச்சமாகக் கிடந்த இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒன்று மூன்றரை மீட்டர், இன்னொன்று மூன்று. இரண்டையும் இணைத்துவிட்டேன். இருபது வருடமாகக் கட்டிடங்களுக்கு அலுமினியச் சட்டம் மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா?

உன் அக்கா நேற்று வந்து பார்த்தாள். மரத்தைத் தட்டினாள். நடு ஜாயிண்ட்டைத் தடவினாள். "இது காத்துல ஒடஞ்சா புள்ள தலையில விழும்ல? ராஜீவ் பாத்து எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் ஏத்துங்க" என்றாள். வெல்டிங் இன்ஸ்பெக்டர் தம்பி ஒருவன் இருப்பது இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது போல. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை.

மஹதிக்குப் பிப்ரவரியில் போர்டு எக்ஸாம். அது முடிந்தால் வெயில் வந்துவிடும். ஆகஸ்டில் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போய்விடுவாள். ஜனவரிக்குள் அவளோடு ஒருமுறை போக வேண்டும், அவ்வளவுதான். போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். 'பாய்மரம் நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். மற்றபடி நம் விஷயம் எதையும் பேச வேண்டாம்.

பாலா

•

ராஸ் லஃபான், கத்தார்
11 நவம்பர் 2025

மாமாவுக்கு,

சிரிக்கவில்லை. படகு அழகாக இருக்கிறது.

போட்டோவில் ஒரு சந்தேகம். ஜாயிண்ட் எங்கே? இரண்டு குழாய் சேர்ந்தால் ஒரு கோடாவது தெரிய வேண்டும். ஆறு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் காணோம். குழாய் என்ன சைஸ், உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள், எதை வைத்து ஒட்டினீர்கள் என்று எழுதுங்கள்.

சுற்றி வெல்ட் அடித்து, தேய்த்து, பாலிஷ் போட்டிருக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

பார்க்காத பொருளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவையும் மஹதியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராஜீவ்

•

கராமா
15 நவம்பர் 2025

மாப்பிள்ளை,

எழுபத்தாறு மில்லி குழாய், மூன்று மில்லி கனம். உள்ளே அறுபத்தொன்பது மில்லி குழாயில் ஒரு துண்டு, முப்பது சென்டிமீட்டர். பசை தடவிச் செருகினேன். ஆமாம், சுற்றி வெல்ட் அடித்தேன். ஆமாம், பாலிஷ் போட்டேன். எங்கள் வேலையில் ஜாயிண்ட் வெளியே தெரிந்தால் அசிங்கம். அஹ்சன் பாய் பார்த்துவிட்டு, "அரே பாலா பாய், கம்பெனி பீஸ் மாதிரி இருக்கே!" என்று அரைகுறைத் தமிழும் உருதுமாக மெச்சினார். உனக்கு மட்டும் அதுவே பயமாக இருக்கிறது.

பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமா தெரியும், வீரபாண்டிக்கும் தெரியும். 2022-இல், நீ இங்கே இன்ஸ்பெக்டராக இருந்தபோது, எங்கள் சைட்டில் கண்ணாடி தாங்குகிற நாற்பது பிராக்கெட்டின் டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார் அந்த ஃபோர்மேன். நீ கையெழுத்துப் போடாமல் திரும்ப டெஸ்ட் செய்தாய். பதினொன்று ஃபெயில், பேப்பர் பொய் என்று ரிப்போர்ட் எழுதினாய். ஒரே வாரத்தில் அவருக்கு விசா கேன்சல். பரமக்குடியில் இறங்கும்போது அவர் கையில் ஒரு பை மட்டும். வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் உன்னை நான் திட்டியதற்கு இன்றுவரை வருத்தமில்லை. பேச வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், பேசியதும் நான்தான். போகட்டும்.

மரம் கல் மாதிரி இருக்கிறது. நான் அதன்மேல் உட்கார்ந்துகூடப் பார்த்தேன். ஒரு வரி கேட்டேன், அதைக் கொடு.

பாலா

•

ராஸ் லஃபான்
17 நவம்பர் 2025

மாமா,

நீங்கள் வாங்கியது சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியம். வெல்ட் அடித்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும். பலம் ஏறக்குறைய பாதியாகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, பாலிஷ் இன்னும் பளபளவென்று இருக்கும். உள்ளே தடவிய பசையும் அந்தச் சூட்டில் கருகியிருக்கும். இஷ்டத்துக்குப் பயமுறுத்தவில்லை, தினமும் இதைத்தான் பார்க்கிறேன். உள்துண்டு முப்பது சென்டிமீட்டர் என்பதும் குறைவு.

ஆனாலும் பிடிக்கலாம். இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. டெஸ்ட் செய்யுங்கள். மரத்தை இரண்டு ஸ்டாண்டுகள் மேல் படுக்க வையுங்கள். நடுவே ஐந்து மீட்டர் இடைவெளி, ஜாயிண்ட் சரியாக மத்தியில். அங்கே கயிறு கட்டி இருபது லிட்டர் தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள், மொத்தம் ஆறு. ஒவ்வொரு கேனுக்கும் பத்து நிமிடம் பொறுத்து, மரம் எவ்வளவு வளைந்தது என்று டேப்பில் அளந்து எழுதுங்கள். பிறகு அதேபோல ஒவ்வொன்றாக இறக்கி அளங்கள். அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

எண்கள் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

வீரபாண்டி விஷயத்தில் நீங்கள் என்னைத் திட்டியதற்கு அன்றும் நான் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

ராஜீவ்

•

கராமா
22 நவம்பர் 2025

மாப்பிள்ளை,

டெஸ்ட் முடிந்தது. எங்கள் கம்பெனி ஃபாரத்திலேயே நிரப்பி ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன், தேதி, நேரம், எண்கள் எல்லாம் இருக்கிறது. ஆறு கேனும் தாங்கியது. இறக்கியதும் மரம் பழையபடி நேராகிவிட்டது.

உன் அக்காவிடம் தம்பி இரண்டு நாளில் அனுப்பிவிடுவான் என்று சொல்லிவிட்டேன். மஹதி லைஃப் ஜாக்கெட் வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறாள். இனிமேலும் ஏதாவது கொக்கி போடாதே.

பாலா

•

ராஸ் லஃபான்
24 நவம்பர் 2025

மாமா,

கையெழுத்துப் போட மாட்டேன்.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கேனுக்குப் பதினைந்து மில்லி வளைவு வந்தது. உங்கள் ஃபாரத்தில் பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு. பேப்பரில் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும். டேப் பிடித்து அளந்தால் வராது. ஸ்டாண்டு கொஞ்சம் அமுங்கும், கயிறு இழுபடும், கை தப்பும். பதினேழு வரும், இருபத்தொன்பது வரும். எல்லாக் கேனையும் இறக்கிய பிறகு சுத்தமாகப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலைக்கு வந்து பதினாலு வருடத்தில் பூஜ்யத்தைப் பார்த்ததே இல்லை.

ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடித்ததாக இருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்துப் பொறுத்து ஏற்றி இறக்க இரண்டு மணி நேரம் ஆகும்.

இது நம் ஊர்க்காரர்களின் பழக்கம் என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் காலையில் வருவார் என்று முந்தின நாள் சாயங்காலமே ஃபாரத்தை நிரப்பி வைப்பது. டெஸ்ட் நடந்தால் நடக்கட்டும், பேப்பர் முதலில் தயாராகட்டும். சைட்டில் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் இந்த மரத்துக்கு அடியில் உட்காரப் போவது மஹதி. அவளுக்கும் சேர்த்தா மாமா?

ராஜீவ்

•

கராமா
25 நவம்பர் 2025

பெரிய மனிதருக்கு,

உன் உபதேசம் வந்து சேர்ந்தது. என் பிள்ளைக்கு நான் எதிரி, நீ காவல் தெய்வம். நல்லது. உன் கையெழுத்து இல்லாமல் இந்தப் படகு மிதக்கும். இனி எழுத வேண்டாம்.

பாலா

•

கராமா
4 டிசம்பர் 2025

ராஜீவ்,

எழுத வேண்டாம் என்றவனே எழுதுகிறேன்.

தேசிய தின விடுமுறையில், 2-ஆம் தேதி, வொர்க்‌ஷாப்புக்குப் போனோம். உன்னை முட்டாளாக்க வேண்டும் என்பதற்காகவே டெஸ்ட் செய்தேன். வீடியோ எடுத்து முகத்தில் அடிப்பது போல அனுப்ப நினைத்தேன். மஹதி கேன் தூக்கித் தந்தாள், நான் அளந்தேன். முதல் கேன் பதினெட்டு. இரண்டு, முப்பத்தேழு. மூன்று, ஐம்பத்தெட்டு. நான்காவதைத் தொங்கவிட்டதும் எண்பத்தாறு. நான்கு கேனுக்கு அறுபதுதான் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும், நான்தானே கணக்குப் போட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ஐந்தாவது கேனை மஹதி மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். டப்பென்று ஒரு சத்தம். வெல்டுக்குப் பக்கத்திலேயே அடிப்பக்கம் வாய் பிளந்து மரம் இரண்டாக மடிந்தது. ஐந்து கேனும் கீழே. ஒன்று அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உடைந்தது. அடியில் யாரும் நிற்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். கேன் மாட்ட வேண்டுமென்றால் யாராவது நின்றுதானே ஆக வேண்டும் என்று நான் அவளை நிறுத்தியிருந்தேன். உடைந்த இடத்தைப் பார்த்தேன். பசை கருகிப் பொடியாக இருந்தது.

மஹதி சிரித்தாள். "அப்பா, மாமா சொன்னது கரெக்ட்டுப்பா" என்றாள். அவள் பிறகு அஹ்சன் பாயோடு சேர்ந்து தரையைத் துடைத்தாள். உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

உனக்கு அனுப்பிய ஃபாரம் என் பையில் இருக்கிறது. ஆறு கேனும் தாங்கியது, பூஜ்யம். நீ மட்டும் அன்றைக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இந்த மரத்தை ஜனவரியில் அவள் தலைக்கு மேல் நட்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக உன்மேல் போட்டு வைத்த பழி. அந்த நாற்பது பிராக்கெட்டுக்கும் டெஸ்ட் நடக்கவில்லை. ஃபாரத்தை நிரப்பியது வீரபாண்டி இல்லை, நான். மறுநாள் கண்ணாடி ஏற்ற வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினார்கள். முந்தின நாள் சாயங்காலம் என் டேபிளில் உட்கார்ந்து நாற்பது எண்ணையும் எழுதி, "வீரபாண்டி, இதுல ஒரு சைன் போடுங்க" என்றேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னேன் என்று போட்டார். விசாரணையில் அவரைக் கூப்பிட்டபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை, நானும் எழுந்து போகவில்லை. பிறகு ஊரெல்லாம் உன்னைத் திட்டித் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது.

பாலா

•

ராஸ் லஃபான்
6 டிசம்பர் 2025

மாமா,

மஹதிக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

நீங்கள் எழுதியது எனக்குப் புதிய செய்தி இல்லை. அந்த ஃபாரத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தெரியும். ஏழு எழுதும்போது நடுவில் ஒரு கோடு போடுவீர்கள். அக்கா வீட்டில் கேஸ் சிலிண்டர் நம்பரைக்கூட அப்படித்தான் எழுதி ஒட்டியிருப்பீர்கள். நாற்பது வரியும் உங்கள் எழுத்து, கீழே மட்டும் அவர் கையெழுத்து.

ரிப்போர்ட்டில் 'பொய் விவரம் கொடுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் உங்கள் வேலை போகும், விசா போகும். மஹதி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்கா முகம் வந்து நின்றது. வீரபாண்டி என்று டைப் செய்தேன். அவர் கையெழுத்து இருக்கிறதே, அதனால் இது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியபோது வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அது பெருந்தன்மை இல்லை. ஒரு ஆளின் பிழைப்பைக் கெடுத்தவன் என்றீர்கள். அது உண்மைதான். பத்து நாளில் கத்தார் வேலைக்கு மனுப் போட்டேன். பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று பீற்றிக்கொள்கிறேன். பார்த்துத் தெரிந்த பொய்க்கே போட்டவன் நான்.

உடைந்த இடத்தை இரண்டு பக்கமும் நன்றாக வெட்டி எறியுங்கள். மேல் பாதிக்கு இன்னும் நீளமான வேறு குழாய் எடுத்து, மறுபடி ஆறரை மீட்டர் வரும்படி சேருங்கள். உள்துண்டு எழுபது சென்டிமீட்டர் இருக்கட்டும். எபாக்ஸி பசை, அலுமினிய ரிவெட், வெல்ட் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் காயவிடுங்கள். ஜாயிண்ட் வெளியே தெரியும். தெரியட்டும்.

அந்த ஒரு வரியை என்னிடம் கேட்காதீர்கள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். என்னைப் பற்றியும்.

ராஜீவ்

•

கராமா
19 ஜனவரி 2026

மாப்பிள்ளை ராஜீவுக்கு,

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. நான்கு நாள் சாப்பாடு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. ஐந்தாம் நாள், "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே" என்றாள்.

புது மரத்தை நீ சொன்னபடியே செய்தோம். டெஸ்டுக்கு அவளே வந்தாள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கயிற்றை நீளமாகக் கட்டி, தள்ளி நின்றே ஏற்றி இறக்க அஹ்சன் பாய் ஒரு கப்பி மாட்டிக் கொடுத்தார். மஹதி அளந்தாள், உன் அக்கா எழுதினாள். பதினாறு, முப்பத்தொன்று, நாற்பத்தாறு, அறுபத்துமூன்று, எழுபத்தெட்டு, தொண்ணூற்றுநான்கு. இரண்டே கால் மணி நேரம். எல்லாம் இறக்கிய பிறகு இரண்டு மில்லி மிச்சம். உன் கையெழுத்து எப்போது வரும் என்று கேட்டேன். "நானே பாத்துட்டேன். யாரு கையெழுத்தும் வேணாம்" என்றாள்.

சனிக்கிழமை உம் அல் குவைன் லகூனில் இறக்கினோம். மஹதிதான் ஓட்டினாள். நாற்பது நிமிடம். காற்று நன்றாகவே இருந்தது, மரம் கொஞ்சம் வளைந்து கொடுத்து நின்றது. நான் முழு நேரமும் ஜாயிண்ட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அதான் டெஸ்ட் பண்ணியாச்சுல்ல? கொஞ்சமாவது கடலப் பாருங்க" என்றாள். பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நேற்று வீரபாண்டிக்கு போன் செய்தேன். பழைய கேம்ப் ஆட்களிடம் கேட்டு நம்பர் வாங்கினேன். பரமக்குடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ரிப்போர்ட்டில் 'பொய் விவரம் கொடுத்தவர்' என்று அவர் பெயர் ஏறியது வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "ரெண்டு தடவ இன்டர்வியூல செலக்ட் ஆனேன் சார். ஒண்ணு ஓமன், ஒண்ணு அபுதாபி. அப்புறம் பழைய கம்பெனிக்கு மெயில் போட்டு விசாரிக்கிறாங்க, அதோட நின்னு போகுது. ஏன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றார். பிறகு, "அப்ப அந்த ரிப்போர்ட்டுல எம் பேரு இன்னும் அப்படியேதான் இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொன்னேன்.

கம்பெனிக்கும் அந்தக் கட்டிடத்தின் கன்சல்டன்ட்டுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம், இதோடு இணைத்திருக்கிறேன். ஃபாரத்தை நிரப்பியது நான், வீரபாண்டி அல்ல என்று இருக்கிறது. ரிப்போர்ட் எழுதியவருக்கு அது அப்போதே தெரியும் என்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், ரிப்போர்ட்டை மாற்ற அது போதாது. எனக்கு இங்கே வேலை இருக்காது. உனக்கு அங்கே என்ன ஆகும் என்று தெரியவில்லை. உன் அக்காவுக்குத் தெரிந்துதான் அனுப்புகிறேன். மஹதி ஆகஸ்டில் கோயம்புத்தூர் போகிறாள், அவளோடு நாங்களும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பது உன் அக்காவின் கணக்கு.

அந்தக் கடிதத்தின் கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நிதானமாகப் படித்துப் பார். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் போடு.

பாலா